பார்ஜில் ஆள் இருந்தால், பேலஸ்ட் அறிக்கை யார் பொறுப்பு?

அமெரிக்காவின் நியூ ஹேவன் துறைமுகத்தில் எண்ணெயை இறக்கிவிட்டு ஒரு பார்ஜ் (இன்னொரு கப்பல் இழுத்துச் செல்லும் சரக்குக் கலம்) காலியாக நியூயார்க் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காலி பார்ஜ் தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்கும். காற்று அதைப் பிடித்துத் தள்ளும். இழுவை வடத்துக்குப் பின்னால் நேராக வராமல் இப்படியும் அப்படியும் அலையும். அதனால் கிளம்பும் முன் பக்கவாட்டு டேங்குகளில் நியூ ஹேவன் துறைமுகத் தண்ணீரையே ஏற்றிக்கொள்கிறார்கள். எடைக்காக ஏற்றும் இந்தத் தண்ணீர்தான் பேலஸ்ட். பார்ஜை இழுக்கிற டக்கிலும் (இழுவைக் கப்பல்) முன்புற டேங்கில் கொஞ்சம் தண்ணீர் உண்டு. டீசல் எரிந்து குறையக் குறைய டக்கின் நிலை மாறாமல் பிடித்துவைப்பது அந்தத் தண்ணீர்தான். பார்ஜில் எண்ணெய் ஏற்றி இறக்குவதைக் கவனிக்கும் ஒரு டேங்கர்மேனும் அவருக்குத் துணையாக இன்னொருவரும் இருக்கிறார்கள். நியூயார்க்கில் அடுத்த சரக்கு ஏறும்போது பார்ஜில் உள்ள பேலஸ்ட் நீர் முழுவதும் அந்தத் துறைமுகத்தில் வெளியேற்றப்படும்.

வந்து சேர்ந்த 6 மணி நேரத்துக்குள் இது பற்றிய அறிக்கை தேசிய பேலஸ்ட் தகவல் மையத்துக்குப் போயாக வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. அதற்குள் அங்கிருந்து கிளம்பிவிடுவதானால், கிளம்பும் முன்பே அனுப்ப வேண்டும். யார் அனுப்புவது? பார்ஜில்தான் ஆள் இருக்கிறதே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று டக் கேப்டன் நினைக்கலாம். எழுத்து வேலையெல்லாம் டக்கில் நடப்பதுதானே என்று டேங்கர்மேன் நினைக்கலாம். கரையில் கலத்தின் வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட் அனுப்பியிருப்பார் என்ற நம்பிக்கையில் பார்ஜ் உரிமையாளரின் அலுவலகம் இருந்துவிடலாம். விதி இவர்களில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அதே சமயம் இன்னார்தான் என்று ஒருவரைக் குறித்துச் சொல்லவும் இல்லை. பார்ஜில் ஆள் இருக்கும்போது, அந்தத் தண்ணீர் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்பதைக் கண்ணால் பார்த்தவர் அங்கேதான் இருக்கிறார். அறிக்கைக்கான பொறுப்பு அவரிடமிருந்து தொடங்க வேண்டும், வடத்தைக் கட்டுவதற்கு முன்பே அது எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தண்ணீரோடு வருகிறவை

பேலஸ்ட் நீர் வெறும் எடை என்று பார்த்தால் இத்தனை விதிகள் எதற்கு என்றுதான் தோன்றும். ஒரு துறைமுகத்தில் பம்ப் போட்டு உறிஞ்சும்போது மீன் முட்டை, சிப்பிக் குஞ்சு, பாசி, கிருமி எல்லாம் சேர்ந்தே உள்ளே போகின்றன. அடுத்த துறைமுகத்தில் அவை வெளியே வருகின்றன. பெரும்பாலானவை செத்துப்போகும். பிழைத்துக்கொண்ட ஒன்றிரண்டே போதும். கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளுக்கு உரிய வரிக்குதிரைச் சிப்பி 1988இல் அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. கடல் தாண்டி வந்த கப்பல்களின் பேலஸ்ட் நீரில் அது வந்தது என்பதே பொதுவான முடிவு. அதன் பிறகு நடந்ததுதான் டக்-பார்ஜ் தொழிலில் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது. இல்லினாய் ஆறு வழியாக மிசிசிப்பியில் இறங்கி, சில ஆண்டுகளுக்குள் அந்தச் சிப்பி நியூ ஆர்லியன்ஸ் பக்கம் வரை போய்விட்டது. ஆற்றின் போக்கில் குஞ்சுகள் மிதந்துபோனது ஒரு வழி. பார்ஜ்களின் அடியில் ஒட்டிக்கொண்டு போனது இன்னொரு வழி. நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கிய கிளையாறுகளுக்குள் அது ஏறியது இப்படித்தான். பெருங்கடலைக் கடப்பது பெரிய கப்பலின் வேலையாக இருக்கலாம். உள்ளே வந்ததை ஊர் ஊராகக் கொண்டுசேர்ப்பது சின்னக் கலங்கள்.

நமக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று சொல்லும் சிப்பி அமெரிக்கக் கண்டத்துக் கடற்கரைகளுக்கு உரியது. சேற்றுத் தரையைப் பாய் விரித்ததுபோல மூடி, இறால் கிடைக்கும் இடங்களை அது கெடுத்துவிட்டது என்பது அங்குள்ளவர்களின் முறையீடு. கப்பல் வழியாக வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எந்தக் கப்பல், எந்த நாள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லக்கூடிய நிலையை உண்டாக்கத்தான் அறிக்கை கேட்கிறார்கள்.

அறிக்கை கேட்க ஆரம்பித்த கதை

அமெரிக்க காங்கிரஸ் 1990இல் அந்நிய நீர்வாழ் உயிரினங்களைத் தடுக்க ஒரு சட்டம் இயற்றியது. 1996இல் அதை விரிவாக்கியது. 1997இல் கடலோரக் காவல்படையும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையமும் சேர்ந்து மேரிலாந்தில் தேசிய பேலஸ்ட் தகவல் மையத்தைத் தொடங்கின. 1999 ஜூலை முதல் வெளிநாட்டுக் கடலிலிருந்து வரும் கப்பல்கள் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று விதித்தார்கள். அனுப்பாவிட்டால் தண்டனை எதுவும் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் அனுப்ப வேண்டியவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினரே அனுப்பினார்கள். 2004இல் அபராதம் வந்தது. அப்போதுதான் வெளிநாடு போகாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே ஓடும் கலங்களும் வலைக்குள் வந்தன. கடலோர டக்குகளுக்கும் பார்ஜ்களுக்கும் இந்தக் கதை உண்மையில் அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது.

2015 நவம்பரில் வெளியாகி 2016 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னொரு பெரிய மாற்றத்தைச் செய்தது. அதுவரை வருவதற்கு 24 மணி நேரம் முன்பு அறிக்கை அனுப்ப வேண்டும். பயணமே 24 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் கிளம்பும் முன்பே அனுப்பிவிட வேண்டும். நியூ ஹேவனிலிருந்து நியூயார்க் வரும் டக்குக்கு இதன் பொருள், என்ன நடக்கப்போகிறது என்று ஊகித்து எழுதுவது. கரையிலிருக்கும் அலுவலகமே ஊகித்து எழுதி அனுப்பிவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. இப்போது வந்து சேர்ந்த பிறகு, நடந்ததை எழுதும் முறை. நடந்ததை எழுத வேண்டுமென்றால் நடந்த இடத்தில் இருந்தவர் வேண்டும். அறிக்கையின் சுமை அலுவலக மேசையிலிருந்து தளத்துக்கு இறங்கியது இந்தத் திருத்தத்தால்தான். ‘யார் பொறுப்பு’ என்ற கேள்விக்கு இத்தனை கூர்மை வந்ததும் இதற்குப் பிறகே.

ஐந்து பேர் பெயர்

விதியின் வாசகப்படி அறிக்கை அனுப்ப வேண்டியவர் கலத்தின் மாஸ்டர் (அதாவது கேப்டன்), உரிமையாளர், இயக்குபவர், ஏஜென்ட் அல்லது பொறுப்பில் இருப்பவர். ஐந்து பேரில் எவர் அனுப்பினாலும் கடமை முடிந்தது. எவரும் அனுப்பாவிட்டால் எவரையும் கேட்கலாம்.

பெரிய சரக்குக் கப்பலில் இதனால் குழப்பம் வருவதில்லை. அங்கே மாஸ்டர் ஒருவர்தான். முதன்மை அதிகாரி பேலஸ்ட் கணக்கு வைத்திருப்பார். ஏஜென்ட் அனுப்பினாலும் தகவல் கப்பலிலிருந்தே வரும். டக்கும் பார்ஜும் சேர்ந்த பயணத்தில் ஐந்து பேர் பத்துப் பேராகிறார்கள். டக்குக்கு ஓர் உரிமையாளர், பார்ஜுக்கு வேறு ஒருவர். டக்குக்குக் கேப்டன் உண்டு. பார்ஜில் மாஸ்டர் என்று யாரும் இல்லாமல் ‘பொறுப்பில் இருப்பவர்’ மட்டும் இருக்கக்கூடும்.

இங்கே முதலில் தெளிவாக வேண்டியது, அறிக்கை பயணத்துக்கு இத்தனை என்ற கணக்கு இல்லை. கலத்துக்குக் கலம் தனி. அமெரிக்கச் சட்டத்தில் தண்ணீரில் போக்குவரத்துக்குப் பயன்படும் எதுவும் கலம்தான். எஞ்சின் இல்லாத பார்ஜும் அதில் அடங்கும். லாரியையும் டிரெய்லரையும் சேர்த்து ஓட்டினாலும் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு எண் இருப்பதுபோல, டக்குக்கு ஒரு பதிவெண், பார்ஜுக்கு வேறு பதிவெண். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் எண் இல்லாத கலம் தன் சொந்த அதிகாரப்பூர்வ எண்ணோடு அறிக்கை தர வேண்டும். பார்ஜில் ஏற்றிய தண்ணீரை டக்கின் அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுவது சுலபம். அப்படிச் சேர்த்தால் பதிவேட்டில் டக் தன்னுடைய டேங்கின் கொள்ளளவைவிடப் பல மடங்கு தண்ணீரைக் கொட்டியதாக இருக்கும். பார்ஜ் அந்தத் துறைமுகத்துக்கு வந்ததாகவே இருக்காது. பார்ஜின் பின்புறக் குடைவில் டக் நுழைந்து ஊசிகளால் பூட்டிக்கொள்ளும் கூட்டுக் கலங்களிலும் இதே நிலைதான். பார்ப்பதற்கு ஒரே கப்பல் மாதிரி இருந்தாலும் பதிவில் அவை இரண்டு கலங்கள்.

அடுத்தது ‘எங்களிடம் பேலஸ்ட் டேங்கே இல்லை’ என்ற பதில். விதியின் வரையறை இதற்கு இடம் கொடுப்பதில்லை. மிதக்கும் ஆழத்தையோ சாய்வையோ உறுதிப்பாட்டையோ சரிசெய்வதற்காக ஏற்றிய தண்ணீர் எதில் இருந்தாலும் பேலஸ்ட் நீர். அதைச் சுமக்கும் டேங்கோ சரக்கறையோ, அதற்காகவே கட்டப்பட்டதோ இல்லையோ, பேலஸ்ட் டேங்க். பார்ஜின் முன்சரிவுக்குக் கீழே ஒரு வெற்று அறை இருக்கும். வரைபடத்தில் அது காற்று மட்டும் இருக்க வேண்டிய இடம். ஒரு நாள் பார்ஜ் பின்பக்கமாகத் தணிந்து நிற்கிறது. பாலத்துக்கு அடியில் போக வேண்டும். கையடக்கப் பம்ப்பை இறக்கி அந்த அறைக்குள் ஆற்றுத் தண்ணீரை விட்டு நேராக்குகிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து அந்த வெற்று அறை பேலஸ்ட் டேங்க் ஆகிவிட்டது. இதைச் செய்தது யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் பார்ஜின் தளத்தில் நின்றவருக்கு மட்டுமே தெரியும். கரையில் இருக்கும் ஏஜென்டுக்கு அப்படி ஓர் அறை இருப்பதே தெரிந்திருக்காது.

சிகாகோ கப்பல் கால்வாயில் இந்த வெற்று அறைகள் பெரிய கவலையாகவே மாறின. ஆசிய கெண்டை மீன்கள் பேரேரிகளுக்குள் ஏறிவிடாமல் தடுக்க இல்லினாய் மாநிலத்தின் ரோமியோவில் என்ற ஊருக்கு அருகே கால்வாயில் மின்தடுப்பு போட்டிருக்கிறார்கள். மீன் தாண்டாது, சரி. பார்ஜுக்குள் இருக்கும் தண்ணீர் தாண்டுமே? அதனால் குடிநீர் அல்லாத தண்ணீரை ஏற்றிக்கொண்டு அந்த இடத்தைக் கடந்து மறுபக்கம் வெளியேற்றக் கூடாது என்று கடலோரக் காவல்படை தடை போட்டது. கரையோரத் தொழிற்சாலைக்குக் கூழாங்கல் சுமக்கும் பார்ஜ்கூடத் தன் அறைகளில் என்ன தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டிய நிலை.

ஆள் இருப்பதும் இல்லாததும்

கப்பல்களின் பேலஸ்ட் நீர் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டு 2017 செப்டம்பர் 8 அன்று நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா அதில் சேரவில்லை. தன் சொந்த விதிகளையே வைத்திருக்கிறது. ஆனாலும் நம் கேள்விக்கு வெளிச்சம் தரும் வரி ஒன்று அந்த உடன்படிக்கையில்தான் இருக்கிறது. பேலஸ்ட் பதிவேடு எந்த நேரத்திலும் சோதனைக்குக் கிடைக்கும்படி கப்பலில் இருக்க வேண்டும். ஆளில்லாமல் இழுத்துச் செல்லப்படும் கலமாக இருந்தால் அதை இழுக்கும் கப்பலில் வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது.

ஆளில்லாத கலத்துக்கு மட்டுமே இந்தச் சலுகை. ஆளில்லாத பார்ஜில் பதிவேடு வைத்தால் நனையும், தொலையும், எழுத யாரும் இல்லை. எனவே டக்கில் வைக்கலாம். பார்ஜில் ஒருவர் இருந்துவிட்டால் காரணமும் போய்விடுகிறது, சலுகையும் போய்விடுகிறது. பதிவேடு பார்ஜிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு பேலஸ்ட் வேலையையும் தாமதமில்லாமல் எழுதி, அந்த வேலைக்குப் பொறுப்பான அதிகாரி கையெழுத்திட வேண்டும் என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. வேலை நடப்பது பார்ஜில் என்றால் அந்தக் கையெழுத்து பார்ஜில் இருப்பவருடையது.

அமெரிக்க விதியும் வேறு பாதையில் இதே இடத்துக்குத்தான் வருகிறது. ஒவ்வொரு கலத்துக்கும் அதற்கென்றே தயாரித்த பேலஸ்ட் மேலாண்மைத் திட்டம் வேண்டும். அதைச் செயல்படுத்தும் பொறுப்புள்ள அதிகாரி யார் என்பதும், அறிக்கை தரும் நடைமுறை என்ன என்பதும் அதில் இருக்க வேண்டும். ஐந்து பேரைச் சொல்லிவிட்டு ஒருவரைச் சுட்டவில்லை என்று விதியைக் குறை சொல்கிறோமே, சுட்ட வேண்டிய இடத்தை அது கொடுத்துத்தான் இருக்கிறது. பல நிறுவனங்கள் அந்த இடத்தில் ‘மாஸ்டர்’ என்று மட்டும் எழுதி வைப்பதில்தான் சிக்கல். டக்கின் திட்டத்தை அப்படியே பிரதியெடுத்துப் பார்ஜுக்கும் வைத்தால், பார்ஜின் திட்டத்திலுள்ள மாஸ்டர் யார்? அந்தப் பார்ஜை இந்த வாரம் ஒரு டக் இழுக்கும், அடுத்த வாரம் வேறொன்று. பார்ஜின் டேங்குகளைத் திறந்துகூடப் பார்க்காத ஒருவர் அதற்குப் பொறுப்பாளர் ஆகிவிடுகிறார்.

ஆளில்லாத பார்ஜை இழுக்கும்போது டக் கேப்டனே அதன் பொறுப்பில் இருப்பவர் என்று கொள்வது நியாயம். பார்ஜுக்கு வேறு நாதி இல்லை. தண்ணீரை ஏற்றுவதும் இறக்குவதும் டக்கின் ஆட்கள்தான். ஆள் உள்ள பார்ஜில் அப்படிக் கொள்வது பொருந்தாது என்பது என் முடிவு. பாதையும் வேகமும் டக் கேப்டன் கையில் இருக்கின்றன. பார்ஜின் வால்வு அவர் கையில் இல்லை. இரவு 2 மணிக்கு டேங்கர்மேன் தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு, சவுண்டிங் குழாயின் மூடியைத் திருகி, பித்தளைக் குண்டு கட்டிய நாடாவை உள்ளே இறக்குகிறார். நாடாவில் ஈரம் ஏறிய இடத்தைப் பார்க்கிறார். அட்டவணையோடு ஒப்பிட்டு இடப்பக்க 3ஆம் டேங்கில் எத்தனை கன மீட்டர் என்று குறித்துக்கொள்கிறார். வடத்தின் மறுமுனையில், சில நூறு மீட்டர் தள்ளி, டக் கேப்டனுக்கு இந்த எண் ரேடியோவில் சொன்னால்தான் தெரியும். எண்ணைத் தெரிந்தவர் எழுதி, கையெழுத்திட்டு, டக்குக்கும் அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும். இணையத்தில் பதிவேற்றுவது யாராக இருந்தாலும் சரி, அந்த எண்ணுக்குப் பொறுப்பு பார்ஜில் இருந்தவர்.

இதில் ஒரு நெருடல் இருப்பதை மறைக்கக் கூடாது. டேங்கர்மேனுக்குக் கொடுக்கப்படும் சான்றிதழ் எண்ணெய் ஏற்றி இறக்கும் பொறுப்புக்கானது. சரக்குப் பரிமாற்றத்துக்குப் பொறுப்பாளர் என்பதால் அவர் தானாகவே பேலஸ்ட் அறிக்கைக்கும் பொறுப்பாளர் ஆகிவிடுவதில்லை. அதனால்தான் எழுத்தில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்த வேண்டியிருக்கிறது. ஒருவரிடம் வாய்மொழியாகக் கூடுதல் வேலையை ஒப்படைத்துவிட்டு, தவறு நடந்த பிறகு ‘நீதானே அங்கே இருந்தாய்’ என்று கேட்பது கடல் தொழிலில் பழைய வழக்கம். அபராதம் என்று வந்தால் அவருடைய சம்பளத்துக்கு அது தாங்காது. விதியின் வாசகத்தில் உச்ச அபராதம் 35,000 டாலர். தவறு தொடரும் ஒவ்வொரு நாளும் தனிக் குற்றம். பணவீக்கத்தைக் கணக்கிட்டு இந்தத் தொகையை உயர்த்தவும் சட்டத்தில் வழி இருக்கிறது. தெரிந்தே மீறினால் குற்றவியல் வழக்கும் உண்டு. எனவே எண்ணுக்குப் பொறுப்பு டேங்கர்மேன், அறிக்கை போய்ச் சேர்வதற்குப் பொறுப்பு பார்ஜை இயக்கும் நிறுவனம் என்று இரண்டையும் பிரித்து எழுதுவதே நேர்மை.

வாடகை ஒப்பந்தம் என்ன சொல்கிறது

இயக்குபவர் யார் என்பது பெரும்பாலும் ஒப்பந்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். பார்ஜை ஆள் இல்லாமல் வெறும் கலமாக வாடகைக்கு எடுத்து, தன் ஆட்களை அதில் போட்டு ஓட்டுகிறவர், கடல்சார் சட்டத்தில் அந்தக் காலம் முழுக்க உரிமையாளர் போலத்தான் நடத்தப்படுகிறார். பதிவில் யார் பெயர் இருந்தாலும் அறிக்கை இவர் வாசலுக்குத்தான் வரும். இழுத்துக் கொடுப்பதற்கு மட்டும் ஒப்புக்கொண்ட டக் நிறுவனம் அதனாலேயே பார்ஜை இயக்குபவர் ஆகிவிடாது.

சர்வதேச இழுவைப் பயணங்களில் பரவலாகப் பயன்படும் ‘டவ்கான்’ படிவத்தில் இதைத் தொடும் விதி ஒன்று இருக்கிறது. வாடகைக்கு எடுப்பவர் தன் செலவில் ஆட்களைப் பார்ஜில் ஏற்றினால் அவர்கள் எப்போதும் டக் மாஸ்டரின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆனால் டக் உரிமையாளரின் ஊழியர்களாகவோ முகவர்களாகவோ கருதப்பட மாட்டார்கள். இதைப் பேலஸ்ட் அறிக்கைக்குப் பொருத்திப் பாருங்கள். டக் மாஸ்டர் அந்த ஆளிடம் ‘டேங்க் அளவு சொல்’ என்று உத்தரவிடலாம். அவர் தப்பாகச் சொன்னாலோ சொல்லாமல் விட்டாலோ டக் நிறுவனம் தன் ஆள் இல்லை என்று விலகிக்கொள்ளலாம். வாடகைக்கு எடுத்தவரோ, டக் மாஸ்டர்தானே தலைமை, அவர் அனுப்பியிருக்க வேண்டும் என்பார். மோதலுக்கும் சேதத்துக்கும் பொறுப்பைப் பிரிக்க எழுதிய விதி அது. அந்த வேலைக்கு நன்றாகவே இருக்கிறது. பேலஸ்ட் அறிக்கைக்கு அதை மட்டும் நம்பியிருந்தால் ஓட்டை விழும். ஒப்பந்தத்தோடு ஒரே ஒரு பத்தி சேர்த்தால் போதும்: பார்ஜின் பேலஸ்ட் பதிவை வைத்திருப்பவர் இன்னார், அறிக்கையை அனுப்புபவர் இன்னார், அனுப்பியதற்கான ஒப்புகையின் நகல் இன்னின்னாருக்கு.

எல்லை எங்கே

எல்லாப் பயணத்துக்கும் அறிக்கை தேவையில்லை. கடலோரக் காவல்படை நாட்டின் நீர்ப்பரப்பைத் துறைமுக கேப்டன் எனப்படும் தன் அதிகாரிகளின் மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரே மண்டலத்துக்குள்ளேயே ஓடும் கலங்களுக்கு விலக்கு உண்டு. நியூயார்க் துறைமுகத்திலிருந்து ஹட்சன் ஆற்றில் ஏறி ஆல்பனி வரை போனாலும் அது நியூயார்க் மண்டலமே. ஏறத்தாழ அதில் பாதி தூரமே உள்ள நியூ ஹேவனுக்குப் போனால் லாங் ஐலண்ட் சவுண்ட் மண்டலம், அறிக்கை வேண்டும். விலக்குக்கு அளவுகோல் தூரம் கிடையாது, மண்டலக் கோடுதான். வருடம் முழுக்க ஒரே துறைமுகத்தில் வேலை செய்த பார்ஜ், ஒரே ஒரு தடவை பழுதுபார்க்கப் பக்கத்து மண்டலத்துக்குப் போனால் ‘ஒரே மண்டலத்தில் மட்டும்’ என்ற நிபந்தனை உடைந்துவிடும். டக் ஒரு மண்டலத்திலேயே இருந்து, பார்ஜ் மட்டும் கைமாறி அடுத்த மண்டலத்துக்குப் போகும் நிலையும் உண்டு. அப்போது டக்குக்கு விலக்கு, பார்ஜுக்கு அறிக்கை.

மிகுதியாகத் தவறு நேரக்கூடிய இடம் இன்னொன்று. வெளிநாட்டுக் கடலுக்குப் போகாத சிறிய கலங்களுக்கும், கடலுக்கே போகாத உள்நாட்டு நீர்வழிக் கலங்களுக்கும் பேலஸ்ட் நீரைச் சுத்திகரிக்கும் கடமையிலிருந்து விலக்கு இருக்கிறது. சிறிய என்றால் 1,600 பதிவு டன் (கலத்தின் உள்ளளவைக் குறிக்கும் அலகு) வரை. டக்குகளில் ஏறக்குறைய எல்லாமும் பார்ஜ்களில் கணிசமான பங்கும் இதற்குள் வரும். சுத்திகரிப்பு இயந்திரம் வைக்கத் தேவையில்லை என்று கடிதம் வந்ததும், பேலஸ்ட் விதியே நமக்கு இல்லை என்று அலுவலகத்தில் எடுத்துக்கொண்டுவிடுவார்கள். விலக்கு சுத்திகரிப்புக்கு மட்டும். மண்டலம் தாண்டினால் அறிக்கையும் பதிவேடும் அப்படியே இருக்கின்றன. ஒரு சொட்டுகூடக் கொட்டவில்லை என்றாலும் ‘கொட்டவில்லை’ என்று அறிக்கை தர வேண்டும். வெளியேற்றவில்லை என்ற தகவலும் தகவல்தான். எந்தத் துறைமுகத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்கிடுகிறவர்களுக்கு இரண்டும் தேவை.

கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களுக்குத் தனி விதிகள் உண்டு. அங்கே 300 பதிவு டன் என்பது எல்லைக்கோடு. கூட்டரசு விதிக்கு அறிக்கை அனுப்பிவிட்டோம் என்று அங்கே நிம்மதியாக இருக்க முடியாது.

இனி

ஒரே மண்டலத்துக்குள் ஓடும் கலங்களிடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு சுருக்க அறிக்கை வாங்குவது என்று 2015 திருத்தத்தில் மூன்று ஆண்டுகளுக்குத் திட்டம் வைத்தார்கள். 2018இல் கடைசி ஆண்டுக்கான கடமையைத் தேவையற்ற சுமை என்று சொல்லி நீக்கினார்கள். துறைமுக டக்குகளும் பார்ஜ்களும் எவ்வளவு தண்ணீரை எங்கிருந்து எங்கே நகர்த்துகின்றன என்ற கேள்விக்குப் பதில் திரண்டுகொண்டிருந்த நேரத்தில் அதை நிறுத்தியது வருத்தத்துக்குரியது என்றே நினைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு தாள் பெரிய சுமை இல்லை.

அதே 2018 டிசம்பரில் கையெழுத்தான கலக் கழிவுநீர்ச் சட்டம் பல அமைப்புகளின் விதிகளை ஒரே குடையின் கீழ் கொண்டுவரப் பார்க்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதற்கான தர அளவுகளை 2024 அக்டோபரில் இறுதி செய்தது. அவற்றை நடைமுறைப்படுத்தும் விதிகளை எழுத வேண்டியது கடலோரக் காவல்படை. டக்-பார்ஜ் தொழிலில் இருப்பவர்கள் அந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. அறிக்கை அனுப்பும் கடமையை அது கலத்தின் ‘உரிமையாளர் அல்லது இயக்குபவர்’ மேல் வைக்கிறது. மாஸ்டரும் ஏஜென்டும் பொறுப்பில் இருப்பவரும் அந்த வரியில் இல்லை. 6 மணி நேரக் கெடுவும் அதிலேயே இருக்கிறது.

புதிய விதிகள் இந்த வாசகத்தைப் பின்பற்றினால் டேங்கர்மேனின் தலைக்கு மேல் தொங்கும் பொறுப்பு குறையும். நிறுவனத்தின் பொறுப்பு கூடும். ஆள் உள்ள பார்ஜ்களைப் பற்றி ஒரு தனி வாக்கியத்தையும் அவர்கள் சேர்க்க வேண்டும்: பதிவேடு பார்ஜிலேயே இருக்க வேண்டும், டக் மாறினாலும் பார்ஜோடு போக வேண்டும் என்று. அமெரிக்க விதிப்படி இந்தப் பதிவுகளை 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்த 2 ஆண்டுகளில் ஒரு பார்ஜைப் பல டக்குகள் இழுத்திருக்கும். சோதனைக்கு வரும் அதிகாரி போன ஆண்டு மார்ச் மாதத்து நியூ ஹேவன் தண்ணீரைப் பற்றிக் கேட்கும்போது, அன்றைக்கு இழுத்த டக் மெக்சிகோ வளைகுடாவில் வேறு வேலையில் இருக்கலாம். பார்ஜ் மட்டும் அவர் முன்னால் நிற்கும்.